கடும்வெட்டுக்கு விட்ட கை

1

கெட்டில் கையிலிருந்து விழுந்ததுதான் தொடக்கம்.

வேலைக்குப் போகுமுன் சாயாவுக்கு வைத்த தண்ணீர். நிறைத்து வலது கையால் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டு உண்டு. அந்த இடத்தில் ஆணி இறங்கினது போல் இருந்தது. விரல்கள் தாமாகத் திறந்தன. கெட்டில் தரையில் உருண்டது. நல்ல நேரம், சூடாகியிருக்கவில்லை.

ஷீஜா ஓடி வந்தாள். என் மனைவி. அதியன்னூர்க்காரி.

"கைய விட்டுட்டீங்களா?"

"நான் விடல்ல. அதுவா போச்சு."

"கை எப்பிடி அதுவா போவும்?"

துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன், இடது கையால்.

நம்ம ஊர் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் பாறசாலைப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் எட்டு வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. பனி, பள்ளத்தாக்கு எல்லாம் எழுத வேறு ஆட்கள் உண்டு. எனக்கு எழுத இருப்பது ஒரு கை. அதை எழுதுகிறேன்.

2

நான் அயர்லாந்தில் ஒரு இறைச்சிக் கம்பெனியில் இருக்கிறேன். மாட்டின் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்கும் வேலை. அதற்கு முன் அம்பூரியில் ரப்பர் பால் வெட்டினேன். அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் வெட்டு ஏற்றதால் குடும்பமே மலைக்குப் போனது. மழைக்காலத்தில் வெட்டு நின்றால் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு இறைச்சிக்கடையில் நிற்பேன். ஆகவே வருஷம் முழுக்க கையில் கத்தி. அந்தக் கத்திதான் என்னை இங்கே கொண்டுவந்தது. ஆள் எடுக்க வந்தவர்கள் சான்றிதழ் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒரு தொடையை மேசையில் போட்டு வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அவர்களுக்குப் பிடித்தது.

வேலை இடம் குளிர்பெட்டிக்குள் நிற்பது போல இருக்கும். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, அதில் ஒரு கொக்கி. வலது கையில் கத்தி. மேலே கம்பியில் இறைச்சி தொங்கி வரும். கொக்கியால் பிடித்து, கத்தியை எலும்போடு சேர்த்து இழுக்க வேண்டும். அடுத்தது வந்துவிடும். மணிக்கட்டைத் திருப்புவதும் இழுப்பதும்தான் வேலை. பால்வெட்டும் இழுப்புதான். ஆனால் அங்கே ஒரு மரம் வெட்டினால் அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். அந்த நடையில் கை தொங்கும். இங்கே நடை கிடையாது.

சூப்பர்வைசர் கடந்து போகும்போது சுகமா என்று கேட்பான். "க்ராண்ட்" என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அதற்கு, குறை ஒன்றும் இல்லை என்று பொருள். வந்த முதல் வாரத்தில் நான் படித்த வார்த்தை. கால் ஒடிந்து கிடப்பவனும் இங்கே க்ராண்ட்தான்.

ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் வேலைப் பெர்மிட் இந்தக் கம்பெனியின் பேரில். அதிலும் இந்தக் கத்தி வேலைக்கு மட்டும். கூட்டிப் பெருக்குகிறேன், பெட்டி அடுக்குகிறேன் என்றால் செல்லாது. ஷீஜாவும் மகள் ஆதிராவும் என் பெர்மிட்டின் நிழலில் இருக்கிறார்கள். இன்னும் ஒரு தடவை புதுக்கிவிட்டால் அந்தக் காலம் முடியும்போது வேறு கார்டு கிடைக்கும். அது வந்தால் எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம். அந்த ஒரு தடவைக்கு முன்னால்தான் கை போனது.

3

ஆஸ்பத்திரியில் முதல் தகராறு பாஷையில். எங்கே பிறந்தாய்? கேரளா. பாஷை? தமிழ். பேர் பதியும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேரளாவுக்கு நேரே மலையாளம்தான் வருகிறது என்றாள். இரண்டும் தெரியும் என்றேன். ஒன்றுதான் போட முடியும் என்றாள். கடைசியில் தமிழ் போட்டாள். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். எந்த ஊர்க்காரரோ, மேடையில் பேசுவது போலப் பேசினார். "தங்களுக்கு வேதனை எத்தன்மையது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அத்தோடு லைனும் அறுந்தது.

பிறகு ஆதிராதான் கூட வந்தாள். பிள்ளைகளை வைத்துப் பேசக் கூடாது என்று அங்கே விதி உண்டு. வேறு வழி இல்லாததால் விட்டுக்கொடுத்தார்கள். அவளுக்குப் பதினைந்து வயது. பன்னிரண்டில் வந்தவள். இப்போது அவள் பேசும் இங்கிலீஷை இந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவு பொருத்தம். வீட்டில் நம்ம பேச்சு. நெய்யாற்றின்கரையில் மலையாளப் பள்ளியில் படித்ததால் மலையாளம் வாசிப்பாள். தமிழ் வாசிக்கத் தெரியாது.

முதலில் ஊசி போட்டார்கள். சில வாரம் கை பூப்போல இருந்தது. மீண்டும் கத்தி பிடித்தேன். வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. பிறகு பிசியோ என்று ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். நரைத்த முடி, பெரிய கை. அவர் ஒரு சின்ன எடையைக் கொடுத்து, கையை மேசை விளிம்பில் வைத்து, மணிக்கட்டைப் பைய இறக்கச் சொன்னார். நோவும், சாரமில்லை, பரவாயில்லை என்றார். தினமும் செய்ய வேண்டும், எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றார்.

நான் செய்யவில்லை.

நோவும் கைக்கு எடையா? கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். சீக்கிரம் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மரம். பால் கூடுதலாக இழுத்தால் மரத்தின் பட்டை மரத்துப்போகும். வெட்டினால் பால் வராது, காப்பி நிறத்தில் வறண்டு கிடக்கும். அதற்கு மருந்து ஒன்றுதான். கத்தி படாமல் விட வேண்டும். மாசங்கள் விட்டால் பல மரம் திரும்ப ஊறும். என் கையும் அதுதான் என்று முடிவு செய்தேன். துணியில் தூக்கிக் கட்டினேன். சாப்பிடுவது இடது கையால். சட்டைப் பொத்தான் ஷீஜா போட்டுவிட்டாள். நோய் விடுப்பு இருந்தது. அதில் ஒரு மாசம் ஊருக்கே வந்தேன்.

4

நெய்யாற்றின்கரையில் ஒரு வைத்தியரிடம் எண்ணெயும் மூலிகைக் கிழி ஒத்தடமும். மற்ற நேரம் அம்பூரியில் தம்பி மணியன் வீட்டில். அவன்தான் இப்போது நாங்கள் வெட்டிய மரங்களை வெட்டுகிறான்.

ஒரு மரத்தைக் காட்டினான்.

"இது பட்ட மரச்சு கெடந்ததாக்கும். அண்ணனுக்கு ஓர்மை உண்டா? ஒரு கொல்லம், பன்னெண்டு மாசமும், விட்டேன். இப்பம் பாரு."

சிரட்டை நிறைய பால். என் மனசு குளிர்ந்தது. நான் செய்வது சரி என்று தோன்றியது.

ஒரு நாள் காலை வெளிச்சம் வந்ததும் அவன் பின்னால் நடந்தேன். கை கட்டியிருந்த துணியை வீட்டில் வைத்துவிட்டேன். வலி குறைந்திருந்தது. ஒரு மாசமாக ஒரு பாத்திரம்கூடத் தூக்கவில்லை, எப்படி வலிக்கும்?

"எலே, கத்தியத் தா."

"என்னத்துக்கு?"

"ஒரு மரம் பாக்கட்டு."

"வேண்டாம் கேட்டியா. அயர்லாந்துக்காரன் தொட்டா மரம் இங்கிலீஷில பால் தரும். சிரட்டைக்கு மனசிலாவாது."

"தாலே."

தந்தான். முந்தின வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்து எறிந்தேன். கத்தியை வைத்தேன். இழுத்தேன். பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. மணியன் சிரித்தான். பாதி வழியில் முழங்கையில் அந்த ஆணி இறங்கியது. மணிக்கட்டு செத்தது. கத்தி உள்ளே போனது.

தடியில் பட்டுவிட்டது. பட்டைக்குள் வெள்ளையாக மரம் தெரிந்தது. பால்வெட்டுக்காரனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. அந்த இடத்தில் பட்டை பழையபடி வராது. முண்டு முண்டாக வரும். பிறகு அதில் கத்தி ஓடாது.

மணியன் கத்தியை என் கையிலிருந்து வாங்கினான்.

"சாரமில்ல. முண்டு வரும். அம்புட்டுதான்."

"நான் இனி வெட்ட மாட்டேன் போல மணியா."

"இங்க வந்து வெட்டாண்டாம். சும்மா இரியும். நான் வெட்டுதேன், நமக்குக் கஞ்சிக்கு உண்டு."

"உனக்க பிள்ளைகளுக்கு?"

அவன் அடுத்த மரத்துக்குப் போனான்.

வேலிக்கு அப்பால் இன்னொருவர் தோட்டம். அதில் கடும்வெட்டு நடந்துகொண்டிருந்தது. நம்ம ஆட்களுக்கு விளக்க வேண்டாம். கடற்கரைப் பக்கம் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். மரம் கிழடானால் அடியோடு முறிப்பதற்கு முன் அதை ஒருவனுக்குக் குத்தகையாக வெட்டுக்கு விடுவார்கள். எடுத்தவன் ஓய்வு கொடுக்க மாட்டான். நாலு பக்கமும் வெட்டுவான், ஏணி வைத்து மேலேயும் வெட்டுவான். பட்டை திரும்ப வருமா என்று எவனும் பார்ப்பதில்லை. மரம்தான் போகப்போகிறதே.

"நல்ல பாலாக்கும்," என்றான் மணியன். "சாவப்போற மரம் நெறைய தரும்."

5

திரும்பி வந்ததும் பிசியோ அம்மா பிடியின் பலம் அளக்கும் ஒரு கருவியைக் கையில் தந்து இறுக்கச் சொன்னார். முன்பு வந்த அளவுகூட வரவில்லை. எடைப் பயிற்சி செய்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன்? ஆதிராவிடம் மரத்தின் கதையைச் சொன்னேன். அவள் அதை எப்படிச் சொன்னாளோ, அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் இரண்டு படம் எடுத்துக் காட்டினார். ஒன்றில் வரி வரியாக நேர் கோடுகள், சீவிய முடி போல. மற்றதில் அதே கோடுகள் கலைந்து, நடுவில் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள்.

ஆதிரா கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா, இது தசைய எலும்போட கெட்டுற கயிறு. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் நரம்புண்ணுதான் சொல்லுவோம். அதுக்குள்ள கொறே, நெறைய கயிறு, அதுக்குள்ள பின்னயும் கொறே. எல்லாம் கொலாஜன்ணு ஒரு நாருச் சாதனம். ஒண்ணாம் நம்பர் கொலாஜன் இழுப்பத் தாங்கும். அறுந்து பொட்டினா அவசரத்துக்கு மூணாம் நம்பர் வரும். அது ஒட்டு போடுற சாதனம். பின்ன அது மாறி ஒண்ணாம் நம்பர் வரணும். உங்களுக்கு மாறல்ல. ஒட்டு மேல ஒட்டாக்கும்."

"நீர் இருக்கா? வீக்கம்?"

"வீக்கம் பெருசா இல்ல. அதான் ஊசிக்க பலன் நிக்கல்ல."

"பின்ன நோவு?"

"பொட்டின எடத்துல புதுசா ரத்தக் குழல் கேறும். அது கூட நோவு அறியுற நரம்பும் கேறும். நல்ல கயிறுல அது அங்க இருக்கப்படாது."

அந்த அம்மா உருண்டைப் புள்ளி ஒன்றைத் தொட்டுக் காட்டிப் பேசினார். ஆதிரா இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது செல். இதாக்கும் கயிறு உண்டாக்குறது. இதுக்குக் கண்ணு இல்ல, காது இல்ல. இழுத்தா மட்டும் தெரியும். இழு வந்தா, வேலை உண்டு, கயிறு செய்யணும்ணு செய்யும். பக்கத்து நாரு பொட்டினா, நீங்க கைய இழுத்தாலும் இதுக்கு இழு எட்டாது. வேலை போச்சுண்ணு நினைச்சுக்கும். வடிவு மாறி உருண்டையாவும். பின்ன வெட்டுற ஒரு சாதனம் உண்டாக்கும். சுத்தி இருக்கிற கயிற அதுவே கரைக்கும்."

நான் படத்தையே பார்த்தேன்.

"நான் கைய கெட்டி வச்சது?"

அவள் அதை அந்த அம்மாவிடம் கேட்கவே இல்லை. பதில் அவளுக்கே தெரிந்திருந்தது.

"இருந்த இழுவும் போச்சு, அப்பா."

மரத்துக்குச் சரியானது கைக்குத் தவறு. ஓய்வு கொடுத்தேன், அது தன்னைத் தானே தின்றது. அந்த அம்மா மேலும் சொன்னார். பைய, கனமாக, சொன்ன அளவுக்கு இழுக்க வேண்டும். பிறகு விட வேண்டும். விடும்போதுதான் செல் கயிறு செய்யும். மாசங்கள் ஆகும். லைனில் நிற்பது அந்த இழுப்பு அல்ல. அது வேகம், குளிர், விடுவதே இல்லை. செய்ததைவிடக் கூடுதலாகப் பொட்டும்.

சும்மா இருந்தால் கரையும். வேலைக்குப் போனால் பொட்டும். நடுவில் ஒரு வரம்பு உண்டு. அதில் நடக்க நேரம் வேண்டும். என்னிடம் இல்லாதது அதுதான்.

புறப்படும்போது ஆதிரா தானாக ஒன்று கேட்டாள். பழைய கயிறு எப்போதாவது முழுசாக மாறுமா? அந்த அம்மா பதில் சொன்னார். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குச் சொன்னாள்.

"குதிகால் கயிறுல நோக்கியிருக்காவளாம். நடுவில உள்ளது பதினேழு வயசு வாக்குல முடிஞ்சுருமாம். பின்ன புதுசாவாது. சாவுற வரை அதேதான். கையிலயும் அப்பிடியாண்ணு உறப்பாத் தெரியாதாம்."

"அப்பம் எனக்க கயிறு?"

"முழுசும் அம்பூரி." சிரித்தாள். "கப்பையும் மீனும்."

"உனக்கது?"

விரலை மடக்கிப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் முடியல்ல. கடைசிக் கொஞ்சம் இஞ்சத்தெ, இந்த நாட்டு சாதனம் ஆக்கும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்தப் பக்கம் அவள் பள்ளிக்கூடம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

6

எடைப் பயிற்சிக்கு வாங்கிய எடை சரிப்படவில்லை. ஒன்று குறைவு, ஒன்று கூடுதல். ஆதிரா கெட்டிலை எடுத்தாள். தண்ணீர் ஊற்றினால் வேண்டிய எடை. மேசை விளிம்பில் கையை வைப்பேன். கெட்டில் கைப்பிடி விரலில். பைய இறக்குவேன். இடது கையால் ஏற்றிக் கொடுப்பேன். மறுபடியும் இறக்குவேன். கொஞ்சம் பலன் தெரிந்தது. பாதிக் கெட்டில் வரை வந்தேன்.

அதற்குள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் டாக்டர் பார்ப்பார். வேலைக்குத் தகுதி என்று அவர் சொன்னால் பெர்மிட் புதுக்குவார்கள். இல்லையென்றால் இல்லை. மொழிக்கு ஆள் வேண்டுமானால் நீயே கூட்டிவா என்று சொன்னார்கள்.

முந்தின நாள் சாயா குடிக்கும்போது ஷீஜாவிடம் சொன்னேன்.

"உள்ளத உள்ளபடி சொல்லப்போறேன்."

"எதை?"

"கத்தி பிடிக்க ஒக்காது, முடியாதுண்ணு."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க. பின்ன?"

"ஊருக்குப் போவோம்."

"ஊர்ல போயி? மரத்துல கைய வச்சுப் பாத்தாச்சே. மணியன் சொன்னான், இப்பமும் அந்த மரத்தப் பாத்தா அவனுக்கு நெஞ்சு நோவுதாம்."

"கடை வைப்பேன்."

"என்ன கடை? இஞ்ச பாருங்க, நீங்க ஒரு நாளைக்கு பேசுறதே பத்து வார்த்தை. கடையில வாறவன் என்ன வேணும்ணு அவனே எடுத்துட்டுப் போவணும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை கூடப் புதுக்கினா போதும்ங்க."

"அந்த ஒரு தடவையில கை முடிஞ்சுரும். அந்த அம்மா சொன்னத நீ கேக்கல்ல. இவிய என்னக் கடும்வெட்டுக்கு எடுத்திருக்காவ."

"பிள்ளைக்க படிப்பு?"

"அங்க பள்ளிக்கூடம் இல்லியா?"

"அவளுக்கு இனி அங்க இல்ல," என்றாள் ஷீஜா. கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பது போலச் சொன்னாள்.

ஆதிரா அடுத்த அறையில் கட்டிலில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. காதில் ஹெட்போன். கேட்காது என்று நினைத்தோம். அதில் பாட்டு ஓடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

7

டாக்டர் இளவயசு. மரியாதையான பையன். கையை நீட்டச் சொன்னான், மடக்கச் சொன்னான். முழங்கை முட்டில் அழுத்தினான். பல்லைக் கடித்தேன். கருவியை இறுக்கச் சொன்னான். கெட்டில் பயிற்சி வீண் போகவில்லை, முள் நகர்ந்தது. அவன் தலையாட்டினான். பிறகு கேள்வி. எனக்குப் பாதி விளங்கியது. ஆதிரா திரும்பினாள்.

"அப்பா, முழு ஷிப்ட் நின்னா நோவு வருமாண்ணு கேக்கிறாவ."

நான் முந்தின நாளே மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"வரும். கத்தி நிக்காதுண்ணு சொல்லு. உள்ளதச் சொல்லு மக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. ஷீஜாவுக்கும் அப்படி ஒரு பார்வை உண்டு. பிறகு டாக்டர் பக்கம் திரும்பிப் பேசினாள். நேராக, தயங்காமல், அவர்கள் பேசுவது போலவே. தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்கிறார். கை சூடானால் சரியாகிவிடுமாம். வேலைக்குப் போக ஆசைப்படுகிறார். ஹீ இஸ் க்ராண்ட்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எல்லாரும் நினைப்பார்கள். பேசத்தான் தெரியாது; மகள் பேசுவது எனக்கு விளங்கும்.

டாக்டர் என்னைப் பார்த்தான். நேராக என்னிடமே கேட்டான்.

"க்ராண்ட்?"

இல்லை என்று சொல்ல ஒரு எழுத்து போதும். அந்த வார்த்தையும் எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் ஆதிராவின் கால் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது ஆடிய அதே கால். குதிகாலைத் தரையில் தட்டித் தட்டி. அதற்குள் ஒரு கயிறு. முடிய இன்னும் இரண்டு வருஷம்.

"க்ராண்ட்," என்றேன்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

பஸ் நிறுத்தத்தில் காற்று. அவள் ஜாக்கெட் தொப்பியைத் தலையில் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"பின்ன என்னத்துக்கு இல்லண்ணு சொல்லல்ல?"

"நீ சொன்னியே."

"கோவமா?"

"இல்ல."

பஸ் தூரத்தில் தெரிந்தது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு பெர்மிட் கூட, அப்பா. பின்ன நீங்க கத்திய தொடவே வேண்டாம். நான் சத்தியமா சொல்லுதேன்."

கடும்வெட்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அம்பூரியில் இருந்தபோது சின்னவள். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பஸ் வந்து நின்றது. ஏறினோம்.

8

இப்போது லைனில் நிற்கிறேன். கத்தியை அடிக்கடி தீட்டுகிறேன். கூர் இருந்தால் இழுப்பு குறையும். கொக்கிக் கைக்கு வேலையைக் கூடுதலாகக் கொடுக்கிறேன். மத்தியான வேளையில் விரல்கள் இரண்டு என் வசம் இல்லை. கத்திப் பிடியில் துணி சுற்றிப் பிடிக்கிறேன். சூப்பர்வைசர் கேட்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பெர்மிட் வந்துவிட்டது. ஷீஜா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

பிசியோ அம்மாவிடம் போவதை நிறுத்திவிட்டேன். அவர் கேட்டால் அவரிடம் பொய் சொல்ல முடியாது. ஆதிராவும் அங்கே வர மாட்டேன் என்கிறாள்.

மணியன் போனில் கேட்டான்.

"அண்ணனுக்குக் கை எப்பிடி உண்டு?"

"உண்டு."

"அந்த மரத்துல முண்டு வந்தாச்சு. நல்ல தடிச்ச முண்டாக்கும். போட்டோ அனுப்பட்டா?"

"வேண்டாம்."

"பக்கத்துத் தோட்டம் முறிச்சாச்சு. இப்பம் இங்கேருந்து பாத்தா மலை முழுசும் தெரியும்."

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் கெட்டில் தயாராக இருக்கும். ஆதிரா எதிரே பாடப் புத்தகத்தோடு இருப்பாள். நான் கையை விளிம்பில் வைப்பேன். அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் எண்ணுவாள். நம்ம பாஷையில்தான் எண்ணுவாள். ஒண்ணு. ரெண்டு. பைய, அப்பா. மூணு. கை நடுங்கினால் நிறுத்துவாள். விட வேண்டிய நேரத்தையும் அவளே சொல்வாள். டாக்டர் அறையில் நடந்ததைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதில்லை. இந்த மலர் அச்சாகி வீட்டுக்கு வரும்போது ஆதிரா இந்தப் பக்கத்தைப் புரட்டுவாள், என் பெயரைப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள். வாசிக்க மாட்டாள்.

நேற்றும் அப்படித்தான். கையை வைத்தேன். கைப்பிடியில் விரலை மாட்டினேன். தூக்கும்போதே தெரிந்தது. கெட்டிலில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருந்தாள்.

இறக்கினேன்.

"ஒண்ணு," என்றாள்.